இன்னும் வராத நிமிடம்

மணி அடித்தபோது விலை இன்னும் விழவில்லை.

அதை அவள் உடனே கவனிக்கவில்லை. காலையிலிருந்து விடாத மழை. கணினியில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்று பகலிலும் இழுத்து மூடியே வைத்திருக்கும் ஜன்னல் துணிக்குப் பின்னால் கண்ணாடியில் தண்ணீர் வழிகிற சத்தமும், மேசைக்கு அடியில் விசிறி ஒரே சுருதியில் இரைகிற சத்தமும், பக்கத்து அறையில் கணவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் கட்டில் முனகுகிற சத்தமும் சேர்ந்து அந்த வீட்டையே பாதித் தூக்கத்தில் வைத்திருந்தன. அதற்கு நடுவே 'டிங்' என்றது ஸ்கேனர். பெயிண்ட் கம்பெனி ஒன்றின் பங்கு சிவப்பாக ஒளிர்ந்தது. விலையைப் பார்த்தாள். அது இன்றைய உச்சத்தை ஒட்டியே ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"எதுக்கு இப்போ அடிச்ச?" என்று கணினியிடம் கேட்டாள். வீட்டிலேயே அடைந்து கிடந்து வேலை பார்ப்பவர்களுக்கு இப்படித் தனியாகப் பேசும் வியாதி வந்துவிடும். ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பினால், பெயிண்ட் கம்பெனி மாடியிலிருந்து கீழே விழுந்த பானையாகக் கிடந்தது.

பங்குச்சந்தையில் காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிடுகிற நாள் வியாபாரிகளுக்கு, அவரவர் கேட்டபடி ஸ்கேனர் எழுதிக்கொடுப்பது அவள் தொழில். சந்தை திறந்திருக்கும் நேரம் முழுக்க நூற்றுக்கணக்கான பங்குகளை நிமிடத்துக்கு ஒருமுறை துழாவிப் பார்த்து, 'இதோ, இதைக் கவனி' என்று மணியடிக்கிற நிரல். இப்போதைய வாடிக்கையாளருக்கு வேண்டியது இறக்கம். அன்றைய உச்சத்திலிருந்து ஒரு பங்கு சரியத் தொடங்கினால், தொடங்கிய கையோடு அவருக்குத் தெரிய வேண்டும். முதலில் விற்றுவிட்டு, நன்றாக விழுந்த பிறகு மலிவாக வாங்கிக் கணக்கை நேர்செய்கிற ஆள். "அடிபட்டு நொண்டுற மான் எதுன்னு பாத்துத் துரத்துறவரு" என்று சொல்லி, கணவர்தான் அவருக்கு வேட்டைக்காரர் என்று பெயர் வைத்தார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். இதயத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்து, மாடிப்படியைக்கூட மிதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு வீட்டில் கிடக்கிறார். வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு சின்னக் கவ்வி. அது அவருடைய நாடித்துடிப்பை எண்ணி அவள் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். திரையின் ஓரத்தில் எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று அந்த எண் ஓடுவதைப் பார்த்தால்தான் அவளுக்கு வேலை ஓடும். ஸ்கேனருக்கு 'டிங்' என்ற சத்தத்தைக் கொடுத்தவரும் அவர்தான். கடைசியாக வேலை பார்த்த கட்டடத்தில் லிஃப்ட் வந்து நிற்கிற மணியை போனில் பதிவுசெய்து வைத்திருந்தார். "ஏறுறதும் இறங்குறதும்தானே நம்ம ரெண்டு பேருக்கும் பொழப்பு" என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு.

"என்ன டீச்சர், மெஷினோட சண்டையா?" பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. எதைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிப்பதால் அவள் அவருக்கு டீச்சர்.

"ஒண்ணுமில்லைங்க. மணி முந்தி அடிச்சிருச்சு."

"நம்ம வீட்டுலயாவது ஒண்ணு நேரத்துக்கு முன்னாடி நடக்குதே. சந்தோஷப்படு."

சிரித்துக்கொண்டாள். கடிகாரம் ஏதோ பிசகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கணினியின் கடிகாரம் சரியாகவே இருந்தது.

மறுபடி டிங். இந்த முறை ஒரு டயர் கம்பெனி. அவள் கண்ணை எடுக்கவில்லை. விலை ஏறுமுகமாகக்கூட இருந்தது. நிமிடம் முடிந்து அடுத்தது பிறந்ததும், யாரோ காலடிப் பலகையை உருவிவிட்டதுபோல் சரிந்தது.

சந்தை முடிவதற்குள் வேட்டைக்காரர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். முதல் பதிப்பைச் சோதிப்பதற்காக அவருக்கும் ஒரு நகல் கொடுத்திருந்தாள். அவள் கணினியில் ஓடுவது அப்படியே அவர் திரையிலும் தெரியும்.

"மேடம், என்ன மேடம் பண்ணி வச்சிருக்கீங்க? அடிச்சா விழுது. அடிச்சா விழுது. நான் உங்களுக்குக் கோயில் கட்டப் போறேன்!"

"அது தப்பு சார். எங்கயோ கோளாறு இருக்கு. நாளைக்குச் சரி பண்ணிடறேன்."

"கோளாறா? ஐயோ, கையை வச்சுடாதீங்க. இந்தக் கோளாறு எனக்கு அப்படியே வேணும்."

அவளால் அப்படி விட முடியாது. தப்பு என்று தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காத பிறவி. அன்று சாயங்காலமே நிரலை வரி வரியாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தாள். தப்பு ஒளிந்துகூட இருக்கவில்லை. இந்த நிமிடத்தைப் போன நிமிடத்தோடு ஒப்பிட வேண்டிய இடத்தில், ஒன்றைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தாள். ஸ்கேனர் ஒவ்வொரு தடவையும் அடுத்த நிமிடத்தின் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது விழுந்த பள்ளம் அது. பழைய நாட்களின் விலைகளை ஓட்டிச் சோதிக்கும்போது அடுத்த நிமிடம் என்பது ஏற்கெனவே நடந்து முடிந்து அங்கே உட்கார்ந்திருக்கும். அதை எட்டிப் பார்க்கிற நிரல், பிட் அடிக்கிற பையன் மாதிரி நூற்றுக்கு நூறு வாங்கும். எழுதியவன் தலைகால் புரியாமல் குதிப்பான். மறுநாள் உண்மையான சந்தையில் அதே நிரலை ஓட்டினால் வாயே திறக்காது. ஏனென்றால் அங்கே அடுத்த நிமிடம் இன்னும் வரவில்லை. அதற்கான இடம் காலி. காலியோடு எதை ஒப்பிடுவது?

அவளுடைய ஸ்கேனரும் வாயைத் திறந்திருக்கக் கூடாது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். மழைச் சத்தம் திடீரென்று பக்கத்தில் வந்துவிட்டது போலிருந்தது. பயம் என்று அதை ஒப்புக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் சந்தை திறந்தபோதும் தப்பைத் திருத்தவில்லை. பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. ஸ்கேனர் படிக்கிற வரிகளை அப்படியே காட்டும்படி திரையில் தனியாக ஒரு பகுதியைத் திறந்து வைத்தாள். ஒவ்வொரு பங்குக்கும் நிமிடத்துக்கு ஒரு வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக. கடைசி வரி இந்த நிமிடம். அதற்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது.

இருந்தது.

இன்னும் வராத நேரத்தைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு வரி. விலைக்கான இடம் காலியாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு இலக்கம் வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. வெளியிலிருந்து வரும் டேட்டா இப்படி வராது. ஒரு கண்சிமிட்டலில் வரி முழுக்க வந்து விழும். இது ஒவ்வொன்றாக வந்தது. ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிற ஒருவர் அடிப்பதுபோல. மூன்றாவது இலக்கம் வந்து, நின்று, அழிந்தது. அதன் இடத்தில் வேறொன்று வந்தது.

அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தட்டச்சுப் பலகையில் ஒரு விசையும் அசையவில்லை. ஆனால் மிக மெல்லிய 'டக்' என்ற சத்தம் ஒவ்வொரு இலக்கத்துக்கும் கேட்டது. கூடவே ஒரு வாடை. கிரீஸும் ஈரச் சிமெண்டும் நெடுநாள் அடைந்து கிடந்த காற்றும் சேர்ந்தது. கணவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துவிட்டு வரும் நாட்களில் சட்டையோடு வீட்டுக்குள் வருகிற வாடை. அந்தச் சட்டை எதுவும் இப்போது வீட்டில் இல்லை.

நிமிடம் பிறந்தது. உண்மையான விலை வந்தது. எழுதி வைத்திருந்ததிலிருந்து ஒரு காசு பிசகவில்லை.

டேட்டா அனுப்பும் கம்பெனிக்கு போன் போட்டாள். பேசிய பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "மேடம், இன்னும் நடக்காத வியாபாரத்தோட விலையை நாங்க எப்படி மேடம் அனுப்புவோம்? எங்ககிட்ட இருந்தா நான் ஏன் இங்க வேலை பாக்கறேன்?" நியாயமான கேள்விதான். அந்த வரி வெளியிலிருந்து வரவில்லை. அவள் மேசையில், அவள் கணினியில், அவள் ஒரு கூட்டல் குறியால் திறந்துவிட்ட இடத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

அடுத்து வந்த கேள்விதான் அவளைத் தூங்கவிடவில்லை. எழுதுகிறவர் நடக்கப்போவதைப் பார்த்து எழுதுகிறாரா, எழுதியதால் நடக்கிறதா?

அதைச் சோதிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. எந்த ஸ்கேனரிலும் இருக்கிற சாதாரண ஏற்பாடு அது. டேட்டா சில சமயம் விட்டுப்போகும்; ஒரு நிமிடத்தின் விலை வராமலே போகும். அப்போது வரைபடம் உடையாமல் இருக்க, முந்தைய நிமிடத்தின் எண்களையே எடுத்து ஓட்டையில் நிரப்பிவிடுவார்கள். போன நிமிடமே இன்னொரு முறை நடந்ததாகப் பாவனை. அவள் நிரலில் ஒவ்வொரு பங்கின் ஓரத்திலும் அதற்கு ஒரு சின்னக் கட்டம் உண்டு. டிக் அடித்தால் நிரப்பும், எடுத்தால் விடும்.

மறுநாள் மதியம் ஒரு சிமெண்ட் கம்பெனிக்கு மணி அடித்தது. அடுத்த வரியில் பெரிய சரிவு எழுதப்பட்டிருந்தது. அவள் கட்டத்தில் டிக் அடித்தாள். எழுதியிருந்த இலக்கங்கள் மறைந்து, இந்த நிமிடத்தின் எண்கள் அங்கே போய் உட்கார்ந்தன. ஒரு நிமிடம் காத்திருந்தாள்.

சிமெண்ட் கம்பெனி விழவில்லை.

வெளியே, உண்மையான சந்தையில் விழவில்லை. அவள் கணினியோடு சம்பந்தமே இல்லாத வேறு மூன்று இடங்களில் பார்த்துவிட்டாள். விலை அதே. கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை அதே. அடுத்த நிமிடமும் அதே, அதற்கடுத்ததும் அதே. வாங்கியவர்கள் வாங்கியதையே வாங்கினார்கள், விற்றவர்கள் விற்றதையே விற்றார்கள்.

போன் அதிர்ந்தது. "மேடம், இந்தச் சிமெண்ட்ல என்னமோ பேய் பிடிச்சிருக்கு" என்றார் வேட்டைக்காரர். சிரித்துக்கொண்டு சொன்னாலும் குரலில் சிரிப்பு இல்லை. "யாரோ ஒரே நிமிஷத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டுறாங்க. செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு."

அவள் டிக்கை எடுத்தாள்.

சிமெண்ட் கம்பெனி விழுந்ததைப் பார்த்துச் சந்தையே ஒரு கணம் மூச்சை நிறுத்தியது. வந்தது அந்த ஒரு சரிவு மட்டுமல்ல. பிடித்து வைத்திருந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் சேர்த்து, பாக்கி வைக்காமல் ஒரே அடியாக வந்தது. அந்தப் பங்கின் வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள். ஸ்கேனரின் மணி டிங், டிங், டிங் என்று இடைவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினாள். அப்புறமும் இரண்டு தடவை அடித்தது போலிருந்தது.

"டீச்சர்!" கணவர் கூப்பிட்டார். "லிஃப்ட் மாட்டிக்கிச்சா?"

அவர் அறைக்குப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மருந்து வாடையும் சுடுதண்ணீர்ப் பையின் ரப்பர் வாடையுமாக, தெரிந்த அறை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கவ்வியின் சின்ன விளக்கு விரலுக்குள் சிவப்பாகத் தெரிந்தது.

"முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒரு தப்பு பண்ணிட்டேங்க."

"நீயா? தேதி குறிச்சு வச்சுக்கட்டுமா?"

அவளுக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வழக்கம்போல் நடுவில் நாலு கிண்டல் செய்வார் என்று பார்த்தாள், செய்யவில்லை.

"நாங்க குழிக்குள்ள இறங்கறப்போ மேல ஒரு ஆள நிப்பாட்டிட்டுத்தான் இறங்குவோம்" என்றார். "கதவு தெரியாம தொறந்து கிடந்தா, லிஃப்ட் வந்துடுச்சுன்னு நினைச்சு யாராவது கால வச்சுடுவாங்க. நீ ஒரு கதவத் தொறந்து வச்சிருக்க. மூடிடு. ஏன் எதுக்குன்னு ஆராய்ச்சி பண்ணாத. மூடிடு."

"நாளைக்குச் சந்தை முடிஞ்சதும் மூடிடறேன். இன்னைக்கே கை வச்சா அந்த ஆளு குதிப்பாரு."

இந்த வேட்டைக்காரர்தான் மூன்று மாதமாக வேலை கொடுத்துக்கொண்டிருக்கிற ஒரே வாடிக்கையாளர். அதனால்தான் நாளைக்கு என்றாள். அந்த ஒரு நாளை அவள் கேட்டிருக்கக் கூடாது.

மறுநாள் மழை இன்னும் கனத்தது. பகலே சாயங்காலம் மாதிரி இருண்டிருந்தது. சந்தை மூடியதும் ஒவ்வொரு பங்காகக் கடைசி வரியோடு நின்றது. அடுத்த வரிகளில் எவரும் எதையும் எழுதவில்லை. விசிறியின் இரைச்சல்கூடக் குறைந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அந்தக் கூட்டல் குறி இருக்கும் இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, திருத்துவதற்காக விரலை வைத்தாள்.

போன் அடித்தது.

"மேடம், ஒரு சந்தேகம்." வேட்டைக்காரர் எதையோ மென்றுகொண்டே பேசினார். "எல்லாப் பங்கும் நின்னுடுச்சு. ஆனா கடைசியா, ஆகக் கீழ, பேரு போடாம ஒண்ணு இருக்கு பாருங்க. அது மட்டும் ஓடிக்கிட்டே இருக்கே? எந்தச் சந்தை அது?"

"எது சார்?"

"கடைசி. காலைல எண்பதுக்கு மேல இருந்துச்சு, அதான் இன்னைக்கு உச்சம். இப்போ மெதுவா இறங்கிக்கிட்டு இருக்கு. எழுபத்தொண்ணு. அருமையா விழப்போகுது மேடம், எனக்குத் தெரியும். இதை எங்க விக்கிறாங்கன்னு சொல்லுங்க. நான் இதை விக்கணும்."

அவள் பட்டியலின் அடிமட்டத்துக்கு உருட்டிக்கொண்டு போனாள். உருட்டும்போதே தெரிந்துவிட்டது.

போன வாரம் ஒரு நாள் சந்தைக்கு விடுமுறை. ஓடுகிற எண் ஒன்று இல்லாமல் ஸ்கேனரைச் சோதிக்க முடியாது. வீட்டில் ஓடுகிற எண் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கொண்டுவந்து பட்டியலின் கடைசியில் இணைத்தாள். "என் பங்கு இன்னைக்கு எவ்வளவு போகுது டீச்சர்?" என்று கணவர்கூட அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். சோதித்து முடித்ததும் எடுத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு இணைக்கிற தற்காலிக ஒயரை அப்படியே விட்டுவிடுகிற புத்தி, அவள் மாதிரி ஆட்கள் எல்லோருக்கும் உள்ளதுதான்.

கடைசியில் அவர் இருந்தார். எழுபத்தொன்று.

அதற்குக் கீழே ஒரு வரி. இன்னும் வராத நிமிடம். காலி.

"மேடம்? இருக்கீங்களா?"

டக்.

ஆறு என்று வந்தது. நின்றது. யோசிப்பதுபோல் நின்றது. கிரீஸ் வாடை மூக்கை அடைத்தது. ஆறு அழிந்தது.

டக்.

பூஜ்யம்.

ஒயர் பிடுங்கிக் கிடந்த ஒலிபெருக்கி டிங் என்றது. அதன் பின்னால், கணவரின் பதிவில் எப்போதும் இருக்கிற, லிஃப்ட் கதவு மெல்ல விலகுகிற அந்த உறுமல்.

"மணி அடிச்சிருச்சு பாருங்க!" என்றார் வேட்டைக்காரர்.

போனைத் துண்டித்தாள். அவசர ஊர்திக்குப் போட்டாள். விலாசம் சொன்னாள். மழையில் வண்டி வரத் தாமதமாகும் என்றார்கள். பேசிக்கொண்டே ஓடினாள். அறை வாசலில் நின்றாள்.

அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். நன்றாகவே இருந்தார். இடது கையால் ஜன்னல் துணியைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தபடி, லேசாக இருமிவிட்டுத் திரும்பினார். புன்னகைத்தார்.

"மழை விட்டுடுச்சா, டீச்சர்?"

அந்தப் புன்னகையைப் பார்த்தாள். இன்னும் எத்தனை விநாடி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டிலுக்கு ஓடிக் கட்டிக்கொள்வதா, மேசைக்கு ஓடுவதா? கால்கள் அவளைக் கேட்கவில்லை. மேசைக்கு ஓடின. பெயர் போடாத அவருடைய வரியின் ஓரத்தில் கட்டம். மவுஸ் கைக்குள் வழுக்கியது. டிக்.

பூஜ்யம் மறைந்தது. எழுபத்தொன்று.

நிமிடம் மாறியது.

பக்கத்து அறையில் லேசான இருமல். "மழை விட்டுடுச்சா, டீச்சர்?"

"விட்டுடுச்சுங்க!" என்று கத்தினாள். அழுதாள், சிரித்தாள், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இருக்கிறார். பேசுகிறார். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. "விட்டுடும்ங்க. இப்போ விட்டுடும்."

இருமல். "மழை விட்டுடுச்சா, டீச்சர்?"

சிரிப்பு நின்றது.

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். வாசலில் நின்று பார்த்தாள். இடது கை ஜன்னல் துணியை விலக்கியது. இருமல். தலை திரும்பியது. புன்னகை, அதே அளவு. கேள்வி, அதே குரல். பிறகு கை கீழே வந்து போர்வையின் அதே மடிப்பை நீவியது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். கை மறுபடி ஜன்னலுக்குப் போனது.

"என்னங்க," என்றாள். "என்னங்க, இங்க பாருங்க."

துணியை விலக்கினார். இருமினார்.

அவசர ஊர்தி ஆட்கள் வந்தபோது வெளியே மழை எப்போதோ ஓய்ந்திருந்தது. இரண்டு பேர். மூத்தவர் கட்டிலில் குனிந்து, கணவரின் விரலில் இருந்த கவ்வியில் ஓடுகிற எண்ணைப் பார்த்தார். எழுபத்தொன்று. தலையாட்டினார். கழுத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார்.

"விரல்ல ஓடுதுன்னு காட்டுது," என்றார், மெல்ல. "கழுத்துல ஒண்ணுமே இல்லையேம்மா. உடம்பு இப்படிச் சில்லுனு கிடக்கு. எவ்வளவு நேரமா—"

கணவரின் இடது கை மூத்தவரின் தோளை உரசிக்கொண்டு ஜன்னலுக்குப் போனது.

"மழை விட்டுடுச்சா, டீச்சர்?"

மூத்தவர் பின்னால் நகர்ந்தார். சுவரில் முதுகு இடித்ததும் நின்றார். இளையவர் அதற்குள் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய செருப்புச் சத்தம் மாடி மாடியாகத் தேய்ந்து அடங்கியது. மூத்தவரும் எப்போது போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசல் கதவு திறந்தே கிடந்தது. அந்த வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது, கிரீஸும் சிமெண்டுமாக.

அவள் மேசைக்குத் திரும்பினாள். மவுஸின் மேல் கையை வைத்தாள். டிக்கை எடுத்தால் போதும். ஒரு அழுத்தம். ஆனால் சிமெண்ட் கம்பெனியை அவள் பார்த்திருந்தாள். பிடித்து வைத்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் சேர்த்து வரும். ஒவ்வொரு நிமிடத்தின் சாவும், ஒன்றுவிடாமல், அவர் ஒருவர் மேல், ஒரே அடியாக. எடுக்காமல் ஒரு நிமிடம் யோசித்தால் அதில் இன்னொன்று கூடும்.

விரல் இறங்கவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. விளக்குப் போடவில்லை. திரை வெளிச்சம் கூடத்தைத் தாண்டி அவர் கட்டில்வரை நீண்டிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து அவரைப் பார்க்க முடிந்தது. உதடு நீலமாகியிருந்தது. போர்வையை நீவும் விரல்கள் விறைத்துப்போய், மடங்க முடியாமல், மடங்கின. புன்னகைக்கும்போது கன்னத்துத் தோல் கொஞ்சம் தாமதமாக வந்தது.

இருமல்.

கை.

தலை திரும்பியது. அப்போதுதான் அவள் கவனித்தாள். உடம்பு முழுக்க அந்த ஒரு நிமிடத்துக்குள் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது, கண்கள் மட்டும் போகவில்லை. ஜன்னலுக்குத் தலை திரும்பியபோதும் அவை ஓரத்தில் நின்று அவளையே பார்த்தன. அவற்றில் தண்ணீர் நிறைந்து, வழிந்து, புன்னகைக்கிற வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முதல் நிமிடத்திலிருந்தே தெரிந்திருந்தது.

"மழை விட்டுடுச்சா, டீச்சர்?" என்றது வாய்.

கண்கள் அவள் விரலைப் பார்த்தன. பிறகு மவுஸைப் பார்த்தன. பிறகு அவளை.